ஆண்டபரம்பரையார்

எந்த ஊர் டீக்கடையிலும் இவரைப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்தில் அடுத்த பந்திக்காக நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்திலும், குடும்ப வாட்ஸப் குழுவில் விடியற்காலை நாலே முக்காலுக்கும் பார்க்கலாம். பெயர் ஊருக்கு ஊர் மாறும். வசதிக்காக ஆண்டபரம்பரையார் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். பேச்சில் ஆயிரத்துக்குக் குறையாது. "1025-லயே கடாரத்துக்குக் கப்பல் விட்டவங்க தம்பி நாங்க" என்பார். முட்டுக்காட்டுப் படகுச் சவாரியில் பாதி வழியிலேயே கரைக்குத் திருப்பச் சொன்னவரும் அவர்தான். "கல்லணை கட்டுனது யாரு? இன்னிக்கும் நிக்குதுல்ல?" என்று மேசையைத் தட்டுவார், அவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. கீழடியில் ஒரு பானை ஓடு கிடைத்தால், தானே வனைந்த களைப்பு அவர் முகத்தில் தெரியும். மூக்கின் எடுப்பு, மீசையின் அடர்த்தி, தோலின் நிறம், குரலின் கனம் எல்லாமே அவர் கணக்கில் சாதனைகள். இவற்றில் ஒன்றைக்கூட அவர் விண்ணப்பித்துப் பெறவில்லை.

அவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவர் எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல: பிறப்போடு வந்த ஒன்றுக்காக ஒருவர் பெருமைப்படலாமா? சந்தோஷப்படலாம், அதில் தடையில்லை. பாட்டியின் குரல் பேத்திக்கு வாய்த்தால் பாட்டிக்கு நன்றி சொல்லலாம், அதுவும் அழகுதான். பெருமைக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை இருக்கிறது. காரியத்தில் நம் கையும் பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் பெருமைப்படுவது, தாத்தா எழுதிய பரீட்சைக்குப் பேரன் மார்க் கேட்பதற்குச் சமம். ஆண்டபரம்பரையார் மார்க் கேட்பதோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஃபெயில் என்று சொல்லி அந்தப் பேரனைக் கடைசி பெஞ்சுக்கும் அனுப்புகிறார்.

இந்த நிபந்தனையை இன்றைய பகுத்தறிவுக்காரர்கள் யாரோ கொண்டுவந்து திணித்ததாக அவர் நினைக்கலாம். அவர் அடிக்கொரு தரம் சாட்சிக்கு அழைக்கும் ராஜராஜனே அந்த நிபந்தனையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், தான் கொடுத்தது எது, தன் தமக்கை கொடுத்தது எது, மற்றவர்கள் கொடுத்தது எது என்று பிரித்துப் பிரித்து எழுதச் செய்தான். தலைமைத் தச்சனின் பெயர் அங்கே இருக்கிறது. ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதுடன் இருக்கின்றன. பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று பட்டியல் நீள்கிறது. அவரவர் வேலைக்கு இத்தனை பங்கு என்றும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்றும் கணக்கு. வேலை செய்தவருக்குப் பங்கு, கொடுத்தவருக்குப் பெயர் என்பதுதான் அந்தச் சுவரின் சட்டம். ஆயிரம் வருடம் கழித்துப் பிறந்து, கோயில் வாசலில் செல்ஃபி எடுக்கப்போகிறவருக்கு அதில் ஒரு மரக்கால் நெல்கூட ஒதுக்கவில்லை.

"அவங்க ரத்தம்தானே என் உடம்புல ஓடுது?" என்று அவர் உடனே சட்டைக் கையை மடிப்பார். ஓடட்டும், கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர், அதற்கு மேலே எண்மர். தலைமுறைக்கு 30 வருடம் என்று தாராளமாக வைத்தாலும் ராஜராஜன் காலத்துக்குப் போக 33 தலைமுறை ஏற வேண்டும். அந்தப் படியில் அவருக்கு இருக்க வேண்டிய முன்னோர் இடங்கள் சுமார் 859 கோடி. இன்று உலகத்தில் உள்ள மொத்த ஜனத்தொகையைவிட அது அதிகம். அன்றைக்கு உலகம் முழுவதும் இருந்தவர்களோ ஏறத்தாழ 30 கோடிப் பேர். ஆகவே ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தாக வேண்டும். ராஜராஜன் அவருடைய முன்னோராக இருந்திருக்கலாம் என்பதை நாம் மறுக்கவே வேண்டாம். அதே கணக்குப்படி அந்த டீக்கடைக்காரருக்கும், டம்ளர் கழுவும் பையனுக்கும், அவர் எதிரியாக நினைக்கும் தெருக்காரருக்கும் அவன் முன்னோர்தான். கூடவே அந்தக் காலத்து மாடு திருடியும், கடன் வாங்கிவிட்டு ஊரை விட்டு ஓடியவரும் எல்லாருக்கும் முன்னோர்கள். ரத்தம் என்று அவர் சொல்லும் மரபணுவிலும் லாபமில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்துபோவதால், அவ்வளவு தொலைவிலுள்ள ஒரு குறிப்பிட்ட முன்னோரிடமிருந்து துளியும் வந்து சேராமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம்.

"எங்க ஆளுங்க வெளியில பொண்ணு எடுத்ததே இல்ல, அதனால உங்க கணக்கு எங்களுக்குச் செல்லாது" என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். ஒரு வட்டத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்தால் வட்டத்துக்குள் இருக்கும் எல்லாரும் எல்லாருக்கும் இன்னும் சீக்கிரம் உறவாகிவிடுவார்கள்; மன்னனும் மாடு திருடியும் உட்பட. அந்த வட்டமும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மைய விஞ்ஞானிகளும் ஹார்வர்ட் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். கதவைச் சாத்தியது அதற்குப் பிறகுதான். உயர்வு தாழ்வு வரிசையும் கல்லில் வெட்டியதல்ல. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதிகளைச் சமூக அந்தஸ்துப்படி வரிசைப்படுத்தச் சொன்னார். நாடெங்கும் அவரவர் சங்கம் கூட்டி, சரித்திரம் எழுதி, தங்களை மேலே ஏற்றச் சொல்லி மனுப் போட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பில் வங்காளத்தில் மட்டும் சேர்ந்த மனுக்களின் எடை ஒன்றரை மணங்கு என்று அங்கிருந்த அதிகாரி பதிவு செய்திருக்கிறார். இன்றைய கணக்கில் அது 55 கிலோவுக்கு மேல். ஆதிகாலத்திலிருந்து வந்த பெருமை கிடைப்பதற்கு அரசாங்கத்திடம் அரை மூட்டைக்கு மேல் காகிதம் கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. செஸ் வீரர் குகேஷ் ஜெயித்தால் நாமும் குதிக்கிறோமே, அது தப்பா? தப்பில்லை. அது பிறர் சந்தோஷத்தில் கலந்துகொள்வது. கூடியிருந்து வாழ்பவர்களுக்கு அது அவசியமும்கூட. வம்பு எங்கே வருகிறது என்றால், கைதட்ட வந்தவர் கோப்பையில் பங்கு கேட்கும்போது. 2024 டிசம்பரில் 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும், அவர் தமிழரா தெலுங்கரா என்று சமூக ஊடகங்களில் இரு தரப்பாரும் மல்லுக்கு நின்றார்கள். சிங்கப்பூரில் 14 ஆட்டமும் உட்கார்ந்து காய் நகர்த்தியது ஒரே ஒருவர். இப்படிப் பங்கு கேட்பவர்களின் இலக்கணத்தை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கல்லூரிக் கால்பந்து அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகளை அதிகம் அணிந்து வந்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்பதும் அதிகமாக வந்தது. நம்மவருக்கு அந்த இலக்கணம் மனப்பாடம். கமலா ஹாரிஸ் 2020-ல் அமெரிக்கத் துணை அதிபராகத் தேர்வானபோது "திருவாரூர்ப் பக்கத்துப் பொண்ணு, நம்ம பொண்ணு." 2024 அதிபர் தேர்தலில் தோற்றதும் "அந்தம்மா பிரச்சாரமே சரியில்ல." கடாரம் கொண்டது நாம், பிற்காலச் சோழர்கள் நாட்டை இழந்தபோது அது அவர்கள். கும்பகோணம் கல்லூரியில் பரீட்சையில் தவறி, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த கணித மேதை ராமானுஜனை 'நம்ம ரத்தம்' என்று சொல்லி ஆண்டபரம்பரையார் யாரும் தேடி வந்ததாகத் தகவல் இல்லை.

ரத்தத்தில் எல்லாம் வரும் என்பதை ஒப்புக்கொண்டால் அதன் மறுபாதியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மறுபாதியை ஒரு முறை நம் நாடு சட்டமாகவே பார்த்திருக்கிறது. 1871-ல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரையினர் சட்டம் கொண்டுவந்தது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சமூகங்களில் பிறந்தாலே திருடன் என்று வைத்து, கைரேகை எடுத்து, ராத்திரி காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன அந்தச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920-ல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். தாத்தா திருடினார் என்று பேரனைப் பிடிப்பது அநியாயம் என்பதில் ஆண்டபரம்பரையாருக்கும் சந்தேகமில்லை, கேட்டால் கொதித்தெழுவார். அப்படியானால் தாத்தா ஆண்டார் என்று பேரனுக்கு மாலை போடுவது மட்டும் எப்படி நியாயம்? குற்றம் பரம்பரையாக வராது, கீர்த்தி மட்டும் வரும் என்பது வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போடுவது.

"அப்படின்னா தாழ்த்தப்பட்டவங்க மட்டும் தங்கள் பிறப்பைச் சொல்லித் தலை நிமிரலாமா? கறுப்பர்கள் 'கறுப்பே அழகு'ன்னு சொல்லலாமா?" என்று அவர் மடக்கக்கூடும். அவர் கேட்டதிலேயே வலுவான கேள்வி இது. 1960-களில் அமெரிக்கக் கறுப்பர்கள் அப்படி முழங்கியபோது, வெள்ளையர் அசிங்கம் என்று அதற்கு அர்த்தமில்லை. எங்களை அசிங்கம் என்று சொன்னது பொய் என்பதே அர்த்தம். பிறப்பின் பேரில் ஏற்றிய அவமானத்தை இறக்கி வைப்பது ஒன்று. பிறப்பின் பேரில் அடுத்தவன் தலையில் ஏறுவது வேறு. 1925-ல் பெரியார் தொடங்கிய இயக்கம் 'பிறப்புப் பெருமை இயக்கம்' என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. சுயமரியாதை இயக்கம் என்று வைத்துக்கொண்டது. 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானமும் போட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதைக் கேட்டு, பெயரின் வாலைத் துண்டித்தார்கள். ஆண்டபரம்பரையாரும் துண்டித்தார், துண்டித்ததைப் பத்திரமாக எடுத்துவந்து காரின் பின் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

"போகட்டும், வாய்ச்சவடால்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. நஷ்டப்படுவது அவர் அல்ல, அவர் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதி நிறக் கயிறு கட்டுவதையே தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடையில் சிரிப்பாகத் தொடங்கும் வரலாறு, பள்ளிக்கூடத்தில் கயிறாகி, தெருவில் அரிவாளாக முடிகிறது.

அப்படியானால் முன்னோரை மறந்துவிட வேண்டுமா? தேவையில்லை. வந்த சொத்தில் கை வைத்து வேலை செய்தால் பெருமைக்கான பங்கும் வரும். உ.வே.சாமிநாதையருக்கு வாய்த்த தமிழ்தான் அன்று எல்லாருக்கும் வாய்த்தது. பரம்பரையாக ஏடு வைத்திருந்த சில வீடுகள் அவற்றை ஆற்றில் விட்டன. அவர் ஊர் ஊராக அலைந்து செல்லரித்த ஏடுகளைச் சேர்த்து, ஒப்பிட்டு, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். தமிழைச் சொல்லி அவர் பெருமைப்பட்டிருந்தால் யார் ஆட்சேபித்திருப்பார்கள்? ஆண்டபரம்பரையாருக்கும் அந்த வழி திறந்தேதான் இருக்கிறது. ஊர்ச் சுவரில் சுண்ணாம்புக்குள் புதைந்த கல்வெட்டு ஒன்றைச் சுத்தம் செய்தாலும் போதும். அவசரமும் இருக்கிறது. அந்த 859 கோடிக் கணக்கு மேலே மட்டும் போவதில்லை, கீழேயும் இறங்குகிறது. அவருடைய வம்சம் தழைத்தால், இன்னும் ஆயிரம் வருடத்தில் இந்த நாட்டில் ஏராளமான பேர் அவருடைய வாரிசுகளாக இருப்பார்கள். அன்றைக்கும் ஒரு டீக்கடை இருக்கும், அதில் ஒருவர் மேசையைத் தட்டி "எங்க முப்பாட்டனார் யாரு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவர் அடுத்து சொல்வதற்கு, வாட்ஸப்பில் தினமும் தவறாமல் காலை வணக்கம் அனுப்பியவர் என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்க வேண்டாமா?