கேட்டுக்கு ஏற்ற நாய்

நாய் விற்கிறவர் வாங்க வந்தவரிடம் என்னென்ன கேட்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? வீடு சொந்தமா வாடகையா, வாசல் கேட் எத்தனை அடி, என்ன கார், பட்ஜெட் எவ்வளவு. அவ்வளவுதான். ‘இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் வாங்க வந்தவருக்குக் கோபம் வந்துவிடும். எட்டு லட்சம் போட்டு மாடுலர் கிச்சன் வைத்தவரிடம் போய் ‘உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?’ என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

நாய் வளர்ப்பைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஒரு பாடத்தைத் தலைப்பாடமாகச் சொல்கிறார்கள். முதன்முதலாக நாய் வளர்ப்பவர் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மாதிரி அனுசரித்துப் போகிற இனத்தில் தொடங்க வேண்டும். ராட்வைலர், பெல்ஜியன் மாலினோய், காக்கேசியன் ஷெப்பர்ட் எல்லாம் நாயோடு பழகிக் கை தேர்ந்தவர்களுக்கு. நாம் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டோம். அனுபவம் என்ற இடத்தில் அந்தஸ்து என்று போட்டுவிட்டோம். மற்றதெல்லாம் அப்படியே.

எண்பதுகளில் குவார்ட்டர்ஸில் குடியிருந்த குமாஸ்தாவுக்குப் பொமரேனியன். வங்கி அதிகாரியானால் அல்சேஷன். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியதா, மூச்சு விடவே சிரமப்படும் அந்தச் சப்பை மூக்கு நாய் தமிழ்நாட்டு வெயிலில் தெருவுக்குத் தெரு இரைத்துக்கொண்டு நின்றது. இன்று ஐடி கம்பெனியில் டீம் லீடருக்கு ஹஸ்கி. ரியல் எஸ்டேட்காரருக்கு ராட்வைலர். அதற்கும் மேலே, ஸ்கார்பியோவின் முன்னால் கொடி பறக்கிற இடத்துக்குப் போய்விட்டால் கேன் கோர்சோவோ பிட்புல்லோ. நாய்க்குப் பற்கள் எத்தனை என்று தெரியாதவர் வீட்டில்தான் பெரிய பற்களுள்ள நாய் இருக்கும்.

ஹஸ்கியை எடுத்துக்கொள்வோம். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்த்த நாய். மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு அடுக்கு ரோமம். மைல் கணக்கில் ஓடினாலும் சலிக்காத கால். அதைக் கொண்டுவந்து பழைய மகாபலிபுரம் சாலையில் ஒன்பதாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில், மே மாதத்தில் பூட்டி வைக்கிறார்கள். சோபாவைக் கிழிக்கிறது, ராத்திரியெல்லாம் ஊளையிடுகிறது என்று அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் பஞ்சாயத்து நடக்கிறது. ஊளையிடாமல் பின்னே என்ன, தோடி பாடுமா?

மாலினோய் இன்னும் பெரிய கதை. 2011-இல் பின்லேடன் வீட்டுக்குள் இறங்கிய அமெரிக்கக் கமாண்டோக்களோடு போனது இந்த இனம். இங்கே சிஆர்பிஎஃப் வைத்திருக்கிறது. அங்கே அந்த நாய்க்கென்று தனியாக ஓர் ஆள் உண்டு. அதைப் பழக்குவதும், வேலை வாங்குவதும், கவனிப்பதும்தான் அவருடைய உத்தியோகம். நம்மவரோ காலை ஒன்பதுக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவர். பன்னிரண்டு மணி நேரம் வேலையில்லாமல் இருக்கிற கமாண்டோவை பால்கனியில் கட்டிப்போட்டால் என்ன செய்வானோ அதைத்தான் நாயும் செய்கிறது.

காக்கேசியன் ஷெப்பர்ட் காகசஸ் மலையில் ஆட்டு மந்தையை ஓநாயிடமிருந்து காத்த நாய். மேய்ப்பன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பான். நாயே பார்த்து, நாயே முடிவெடுத்து, நாயே பாய வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்காத நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த நாயின் கணக்கில் பார்சல் கொண்டுவரும் பையனுக்கும் ஓநாய்க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாங்கியவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது விலை மட்டும். பெங்களூரில் ஒருவர் ஓநாய்க் கலப்பு நாயை 50 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக 2025-இல் ஊரெல்லாம் செய்தி. அமலாக்கத்துறை கதவைத் தட்டியதும் கோடியெல்லாம் கரைந்து கதையாகிவிட்டது. பொய் சொல்வதற்குக்கூட நாயின் குணத்தைச் சொல்லவில்லை பாருங்கள், விலையைத்தான் சொன்னார்.

வெளிநாட்டு மோகம்தான் கெடுத்தது என்று இந்த இடத்தில் சிலர் மீசையை முறுக்குவார்கள். அவர்கள் வீட்டில் சிப்பிப்பாறை இருக்கும். தென்மாவட்டத்துப் பொட்டல் காட்டில் முயல் விரட்டிய நாய். ஓடுவதற்கென்றே செய்த உடம்பு. அதை நான்கடிச் சங்கிலியில் கட்டி, பக்கத்தில் வேட்டி சட்டையோடு நின்று படம் எடுத்து, ‘மண்ணின் மைந்தன்’ என்று ஸ்டேட்டஸ் வைத்திருப்பார்கள். ராஜபாளையம் வாங்கியவருக்கு, வெள்ளை வெளேரென்ற அந்த நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பது தெரியாது. கூப்பிட்டால் வரவில்லை என்று அடிப்பார். தமிழன் வளர்த்தாலும் சங்கிலி சங்கிலிதான்.

விற்பவர்களும் யோக்கியர்கள் இல்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. குட்டிக்கு எட்டு வாரம் ஆகாமல் விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. சென்னை பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போய் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். எட்டு வாரக் கணக்கை அதிகாரிகள் சும்மா எழுதி வைக்கவில்லை. கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதை ஒரு நாய் கற்றுக்கொள்கிறது. முப்பதாம் நாளே தாயிடமிருந்து பிய்த்து அட்டைப் பெட்டியில் போட்டு விற்றால் அந்தப் பாடம் நின்றுபோகிறது. பிறகு அந்தக் குட்டி மனிதர் யாரையும் பார்க்காமல் மொட்டை மாடியில் வளர்கிறது. ஒரு வயதில் ஐம்பது கிலோ ஆகிறது. ‘நல்லா வெறியேத்தி வெச்சிருக்கேன், யாரும் கிட்ட வர முடியாது’ என்று சொந்தக்காரர் பெருமையாகச் சொல்கிறார். அனுபவம் இல்லாதவர் செய்கிற முதல் தப்பும் கடைசித் தப்பும் இதுதான்.

சரி, வாங்கியாயிற்று. வளர்ப்பது யார்?

காலை ஆறு மணிக்கு அண்ணா நகரிலோ பெசன்ட் நகரிலோ ஒரு நடை போய்ப் பாருங்கள். ராட்வைலரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் அந்த வீட்டு வாட்ச்மேன். இல்லையென்றால் டிரைவர், அதுவும் இல்லையென்றால் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா. காலில் ரப்பர் செருப்பு. சங்கிலி நழுவக் கூடாதென்று மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருப்பார். அப்படிச் சுற்றினால் நாய் ஒரு இழு இழுக்கும்போது மணிக்கட்டு போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாய் ஐம்பது கிலோ, ஆள் ஐம்பத்தைந்து. எதிரே ஒரு பூனை குறுக்கே ஓடினால் யார் யாரை வாக்கிங் கூட்டிப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். வாய்க்கூடு எங்கே என்று கேட்டால், “போட்டா ஐயா திட்டுவாருங்க. நாய்க்கு மூச்சு முட்டுமாம்” என்பார். ஐயாவுக்கு மூச்சைப் பற்றி இவ்வளவு கரிசனம் இருக்கிறது, சந்தோஷம். ஐயா எங்கே என்று கேட்டால் தூங்குகிறார்.

ஆக, நாயின் சான்றிதழில் ஒரு பெயர், சங்கிலியைப் பிடிக்கிற கை வேறு. வாங்கும் அனுபவம் ஐயாவுக்கு, கடி வாங்கும் அனுபவம் மற்றவர்களுக்கு.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் நடந்தது நினைவிருக்கிறதா? இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தலையில் படுகாயம், அறுவை சிகிச்சை. காப்பாற்றப் போன தாயையும் விடவில்லை. அந்தச் சிறுமியின் அப்பா அந்தப் பூங்காவின் காவலாளி. ஊரார் காற்று வாங்குவதற்காகப் பூங்காவைக் காவல் காத்தவர். அவர் மகளை யார் காவல் காப்பது? சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார், ஜாமீனில் வெளியே வந்தார். அந்தக் குழந்தை நாய் வாங்கவில்லை. எந்த இனம் தன் வீட்டுக்குப் பொருத்தம் என்று யாரிடமும் யோசனை கேட்கவில்லை. விளையாடிக்கொண்டிருந்தாள், அது ஒன்றுதான் அவள் செய்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? பட்டியல் போட்டது. இந்தச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பே, 2024 மார்ச்சில், 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. டோர்ன்ஜாக், சார்ப்ளானினாக் என்றெல்லாம் அதில் பெயர்கள். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த நாய்களை நேரில் பார்த்திருப்பார்களோ! டெரியர் என்று மொத்தமாக வேறு போட்டிருந்தார்கள். அப்படியானால் சீமாட்டிகளின் கைப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் யார்க்‌ஷயர் டெரியரும் நாட்டுக்கு அச்சுறுத்தல். ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பூங்காச் சம்பவத்துக்குப் பிறகு தமிழகக் கால்நடைத் துறையும் அதே 23-க்குத் தடை என்று அறிவித்துவிட்டு, மை காய்வதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. ‘உட்கார்’ என்றால் உட்காரவும் ‘எழுந்திரு’ என்றால் எழவும் நாயைப் பழக்குவது கஷ்டம் என்கிறார்கள். துறைகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் செத்தே போனார். தடுக்கப் போன சொந்தக்காரருக்கும் கடி. டிசம்பரில் மாநகராட்சி விழித்துக்கொண்டது. பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் இனிமேல் புது உரிமம் கிடையாது என்றது. நல்லது. பிட்புல் கிடைக்காவிட்டால் என்ன, அடுத்த இனம் இருக்கிறது. அதுவும் தடையானால் அதற்கடுத்தது. நாயை மாற்றிக்கொண்டே போகலாம். வாங்குகிற ஆள் மாறவே வேண்டியதில்லை.

உரிமம் என்ற காகிதத்தையும் பார்த்துவிடுவோம். நாயின் பெயர், இனம், நிறம், வயது, தடுப்பூசி போட்ட தேதி. எல்லாக் கேள்வியும் நாய்க்கு. மனிதரிடம் கேட்பது அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது மட்டும். இந்த ஊரில் டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்ட வேண்டுமென்றாலும் எல்எல்ஆர் எடுத்து, ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். தானாக முடிவெடுத்துப் பாய்கிற, பல்லுள்ள, ஐம்பது கிலோ உயிரைத் தெருவுக்குக் கொண்டுவர எட்டும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். ஜிபே இருந்தால் போதும். கடித்துவிட்டால்? பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராட்வைலர் வாங்கியவருக்கு ஐயாயிரம் என்பது ஒரு மூட்டை நாய்த் தீனிக் காசு.

ஆளைச் சோதிப்பது முடியாத காரியம் இல்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் 2013 முதல் புதிதாக நாய் வளர்ப்பவர் தேர்வு எழுத வேண்டும். பிறகு நாயோடு தெருவில் நடந்தும் காட்ட வேண்டும். பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் ஆபத்தான இனம் என்று பட்டியலிட்டவற்றை வளர்க்க, குறைந்தது ஒரு லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். நாய் யாரையாவது கடித்தால் அந்தப் பணம் பேசும். நம் ஊரில் கடிபட்டவர் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்கிறார், நாயின் சொந்தக்காரர் நாய்க்கு மன அழுத்தம் என்று டாக்டரைத் தேடுகிறார்.

முதன்முதலாக நாய் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு உண்மையிலேயே பொருத்தமானது எது என்று கேட்டால் பதில் இருக்கிறது. தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. இந்த வெயில் அதற்குப் பழக்கம், சோறு போட்டால் சாப்பிடும், நோய்நொடி குறைவு. கொஞ்சம் தப்பாக வளர்த்தாலும் மன்னிக்கும். ஆனால் அது இலவசம். இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டுக்கு முன்னால் கட்டி வைத்தால் யார் மதிப்பார்கள்? அதனால் அது கேட்டுக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே இருந்த ஹஸ்கியும் சலித்துப்போன பிறகு காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஈசிஆரில் இறக்கிவிடப்படுகிறது.

தேர்வும் காப்பீடும் இங்கே வருவதற்குள் இன்னும் எத்தனை குழந்தைகளின் தலையில் தையல் போட வேண்டுமோ. அதுவரைக்கும் ஒரு வரிச் சட்டம் போதும். பட்டியல் வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம், திரும்பப் பெறுவதும் வேண்டாம். ‘நாய் யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் தெருவில் சங்கிலியைப் பிடிக்க வேண்டும்.’ வாட்ச்மேன் பிடிக்கக் கூடாது, டிரைவர் பிடிக்கக் கூடாது, அக்கா பிடிக்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு ஐயா எழுந்து, தன் கையால், தன் மணிக்கட்டால், தன் ராட்வைலரை இழுத்துக்கொண்டு ஒரு தெரு நடக்கட்டும். அடுத்த மாதமே ஊரில் ராட்வைலர் வியாபாரம் படுத்துவிடும். எந்த இனம் எவருக்குப் பொருத்தம் என்று அதற்கப்புறம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.