வராளியில் வந்த தும்மல்

வாடா பேராண்டி. தை மாச தியாகய்யர் ஆராதனைக்குத் திருவையாறு வரேன்னு பெங்களூர்லேர்ந்து டிக்கெட் போட்டுட்டியாமே, சந்தோஷம். போன தடவ அவரோட பஞ்சரத்தினக் கிருதி அஞ்சும் பாடுறப்ப, நாட்டை ராகத்துக்குத் தொடை தட்டினே. கௌளையில மூக்கத் தேச்சுக்கிட்டு ஒரு மாத்திரை முழுங்கினே. ஆரபியில கண்ணு செவந்துது. வராளியில தும்மல் மேல தும்மல். வராளிய குரு நேரா சொல்லிக் குடுக்கக் கூடாதும்பாங்க, அந்தப் பயந்தான் போலன்னு பக்கத்துல இருந்த மாமி நெனச்சிருப்பாங்க. ஸ்ரீராகத்துல தலைய ஆட்டினியே, ரசிக்கிறியேன்னு பாத்தா குறட்டை!

பாட்டுக்காக ஊரு தாண்டி வரது நல்ல காரியந்தான். பெங்களூர் நாகரத்தினம்மா வரலியா? சொத்தப் போட்டு, தியாகய்யர் சமாதியில கோயில் எழுப்பி, பொம்பளைங்களும் அங்க பாடணும்னு மல்லுக்கட்டி, 1952-ல கண்ண மூடுற வரைக்கும் திருவையாத்துலயே கெடந்தாங்க. நீ என்னடான்னா மங்களம் பாடுறதுக்கு முன்னாடியே தஞ்சாவூருக்கு ஆட்டோ பிடிக்கிறே.

போகட்டும், உன் மூக்குக்கு வருவோம். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வேல பாத்தவன் சொல்றேன், கேட்டுக்க. பரண்ல கெடந்த ஜமக்காளத்த உதறி விரிச்சு, அதுலதானே சம்மணம் போட்டே? அதுல கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கு. அதோட எச்சந்தான் உன் சத்துரு. என்னிக்கோ முதத்தடவ மூக்குல ஏறினப்ப ஒண்ணும் ஆயிருக்காது. உடம்பு மட்டும் கமுக்கமா அதுக்குன்னு ஐஜிஇ-ங்கிற எதிர்ப்பொருளச் செஞ்சு, மாஸ்ட் செல்லு மேல நட்டு வெச்சிருச்சு. இந்த ஐஜிஇ-ய 1966-ல கண்டு சொன்னவங்க இஷிசாக்கான்னு ஒரு ஜப்பான்கார புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேரும் சேந்து உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்காங்க பாரு.

மறுபடி அந்தத் தூசி வந்து ஒத்த ஐஜிஇ-யத் தொட்டா செல்லு அசையாது. பக்கத்துப் பக்கத்துல ரெண்ட சேத்துப் பிடிக்கணும், ரெண்டு மாட்டுக்கு ஒரு நுகத்தடி மாதிரி. அப்பத்தான் வண்டி நகரும். உள்ள லின்னுன்னு ஒரு நொதி முழிச்சு, சிக்குன்னு இன்னொண்ணத் தட்டி எழுப்பும். கால்சியம் ஏறும். செல்லுக்குள்ள இருக்கிற பையெல்லாம் பிரிஞ்சு ஹிஸ்டமின் கொட்டும். நிமிஷக் கணக்குல நரம்பு அரிச்சுத் தும்மல், ரத்தக்குழாய் கசிஞ்சு மூக்கொழுகல். அதோட விட்டுதா? லூக்கோட்ரைன்னு ஒண்ணு கெளம்பும், சில மணி நேரங் கழிச்சு வேற அணுக்களும் வந்து சேரும், மூக்கு அடைச்சுக்கும். சாயங்காலக் கச்சேரியில நீ வாயால மூச்சு விட்டது அதனாலதான், வாத்தியக்காரரப் பாத்து வாயப் பொளந்தியோன்னு நெனச்சேன்.

மாத்திரை ஹிஸ்டமின் வந்து உக்கார வேண்டிய எடத்த அடைச்சுக்கும், அவ்வளவுதான். கொட்டினத அள்ளாது. அதனால தும்மலுக்கு முந்தி போடணும். அதுலயும் நீ முழுங்கினது பழைய மாடல். மூளைக்குள்ள நம்மள முழிக்க வெக்கிறதே ஹிஸ்டமின்தான். அதையும் போயி அடைச்சா ஸ்ரீராகமும் தாலாட்டுதான். தூக்கம் வராத புது மாத்திரை இருக்கு, டாக்டரக் கேளு. மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரேன்னா நாள் கழிச்சுத்தான் முழுசா வேல செய்யும், கெளம்புற அன்னிக்கு வாங்காதே.

ஜமக்காளத்த நான் வெந்நீர்ல தோச்சு வெக்கிறேன். அப்பறமும் தும்மினேன்னா, கோஷ்டியில ஒன் பொண்டாட்டி உக்காரட்டும், அவளுக்கு அஞ்சு கிருதியும் பாடம். நீ வெளியில செருப்பப் பாத்துக்க. அங்கயும் மைக்கு கட்டியிருக்கான்.