செக்கிங் வாரண்டி

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப்போடும் அதிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் எதுவும் தூக்கிப்போடப்பட்டதில்லை. கைப்பிடி கழன்ற குக்கர், ஒரு பக்கம் மட்டும் பாடும் ஸ்பீக்கர், நின்றுபோன சுவர்க்கடிகாரம் எல்லாம் பரண்மேல் பென்ஷனில் இருக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில், அம்மாவின் பட்டன் போன் காலையில் சார்ஜ் ஏற்றினால் மத்தியானத்துக்குள் உயிரை விட ஆரம்பித்தது. "அத்தைக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. இப்படிப் பேசியே குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன. போனுக்கு என்ன கேடு? பேட்டரிதானே?

அந்தப் பேட்டரிக்கு பி.எல்.-5சி என்று பெயர். நோக்கியா 1100 காலத்தில் ஊரெல்லாம் இருந்தது. அந்தப் போன்கள் போய்விட்டன, பேட்டரி போகவில்லை. பட்டன் போன், எஃப்.எம். ரேடியோ, சாமி பாட்டு பாடும் பெட்டி என்று கிடைத்த இடத்திலெல்லாம் குடியேறிவிட்டது. கிராக்கி இருக்கும் சரக்குக்குப் போலியும் இருக்கும் என்பதால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

"ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா, சாதாவா சார்?"

"என்னப்பா வித்தியாசம்?"

"ரேட்டுதான் சார்."

இவ்வளவு நேர்மையான பதிலுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? சாதாவையே வாங்கினேன். எண்பது ரூபாய். மேலே 2800 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. பி.எல்.-5சி அசலில் எழுதியிருப்பது 1020. அதே தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மின்சாரத்தை அடைத்தவர் யாரோ, அவரை உலகம் கண்டுகொள்ளவில்லை. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-ல் வேதியியல் நோபலை குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூன்று பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்களே, ரிச்சி தெருவில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

"வாரண்டி உண்டா தம்பி?"

"செக்கிங் வாரண்டி சார்."

அதாவது, அவரே போனில் போட்டுக் காட்டுவார். விளக்கு எரியும். வாரண்டி முடிந்தது.

வீட்டில் என் மகள் பேட்டரியை வாங்கி லேபிளைப் படித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் படிக்கிறார்கள். நெருப்பில் போடாதே என்ற ஆங்கில எச்சரிக்கையில் நெருப்புக்கு ஓர் எழுத்துக் குறைந்தது. இந்தியாவில் விற்கும் பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் இரண்டுமே இருந்தன. "பாத்தியா!" என்றேன். அவள் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினாள். அது எங்கோ ஒரு கம்பெனியின் எல்.இ.டி. பல்புக்கு உரியது.

"அதான் விளக்கு எரிஞ்சுது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சரி, சரித்திரத்தை எடுத்தேன். 2007 ஆகஸ்டில் என்ன நடந்தது? இதே பி.எல்.-5சி, அசல் பி.எல்.-5சி, சார்ஜ் போடும்போது சூடேறலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. மட்சுஷிடா கம்பெனி தயாரித்துக் கொடுத்ததில் 4.6 கோடி பேட்டரிகள். நம் ஊரில் ஆளாளுக்கு போனைத் திறந்து பேட்டரி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அசலே கொதிக்கும்போது அசலுக்கு எதுக்கு அதிகக் காசு?" என்று முடித்தேன்.

"நோக்கியாக்காரன் கூப்பிட்டு, வேற பேட்டரி தரேன்னான்" என்றாள் மனைவி. "உங்க எண்பது ரூபாய்க்காரன் உங்களைக் கூப்பிடுவானா?"

மகள் தன் பங்குக்கு, விலை எப்படிக் குறைகிறது என்று விளக்கினாள். பேட்டரிக்குள் நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது மட்டமாக இருந்து எங்காவது பொத்தல் விழுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சூடு சூட்டை வளர்க்கும். உள்ளே ஊறிக்கிடக்கும் திரவமோ பற்றி எரியக்கூடியது. 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போனால் சார்ஜை வெட்ட நகத்தளவு சர்க்யூட் ஒன்று உண்டு. மலிவுக்காரர் முதலில் கை வைப்பது அதில்தான். சூட்டை அளந்து போனுக்குச் சொல்லும் உணரி இருக்க வேண்டிய பேட்டரிகளில், அதற்குப் பதில் சில்லறைக் காசு ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து விடுவதும் உண்டு. பேட்டரி கொதித்தாலும் அது போனிடம் சூடில்லை என்றே சாதிக்கும்.

ஆக, நான் மிச்சம் பிடித்த பணமெல்லாம் உள்ளே இல்லாத சாமான்களின் விலை. பரவாயில்லை, விலாவாரியான பில் இது. எந்தக் கடையும் இப்படிக் கொடுப்பதில்லை.

அந்தப் பேட்டரியையே அம்மாவின் போனில் போட்டேன். அம்மா போனைத் தலையணைக்கு அடியில் வைத்து, ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுத் தூங்குபவள். ஒருநாள் விடியற்காலையில் என்னை எழுப்பி போனைக் கையில் கொடுத்தாள். இட்லித் தட்டுச் சூடு. பின்மூடி வாயைப் பிளந்திருந்தது.

"ஏண்டா, உன் பேட்டரிக்கு இது எத்தனாவது மாசம்?"

பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சுண்டினேன். நல்ல பேட்டரி தட்டையாகப் படுத்துக் கிடக்கும். இது வயிற்றை ஊன்றிக்கொண்டு ஜோராகச் சுற்றியது. எதிர்வீட்டு மாமா வந்து பார்த்து, "ஊசியால ஒரு குத்து, காத்து எறங்கிடும்" என்றார். உள்ளே இருந்தது காற்றில்லை, தீப்பிடிக்கும் வாயு. நான் ஊசி தேடிப் போவதற்குள் மனைவி ஊசிப்பெட்டியை எடுத்துப் பூட்டிவிட்டு, பேட்டரியைப் பழைய ஹார்லிக்ஸ் தகர டப்பாவுக்குள் மணல் போட்டுப் புதைத்து பால்கனியில் வைத்தாள்.

குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே பற்றிக்கொள்ளும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ல் வந்திருக்கின்றன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பாம். அருமையான சட்டம். பல்புக் கம்பெனியின் எண்ணைத் திருடி ஒட்டியவரை எந்தக் கதவில் தட்டிக் கேட்பது?

பேட்டரி நன்றாக ஆறிய பிறகு, மகளோடு ரிச்சி தெருவுக்கே புறப்பட்டேன். டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மணல் தெரிந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அஸ்தியா சார்? முன்னாடி சீட்டு காலியா இருக்கு, வாங்க" என்றார். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலோர சீட்.

கடைத் தம்பி டப்பாவைக் கிளறிப் பார்த்தார். கோபமே இல்லை. வாடிக்கையாக வருகிற சரக்குபோலிருக்கிறது.

"எக்ஸ்சேஞ்ச்ல போட்டுக்கலாம் சார். இருபது ரூபா கழிச்சு, அறுபதுக்கு வேற தரேன்."

அறுபது! என் கை சட்டைப்பைக்குப் போனது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தெருவிலிருந்த சர்வீஸ் சென்டர் வரைக்கும் விடவே இல்லை.