கரையில் நிற்கும் பறவை ஆகாது

வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு, கழுத்தில் பைனாகுலரும் தலையில் துணித்தொப்பியும் கையில் அவோமின் வாந்தி மாத்திரை அட்டையுமாக ஒருவர் நின்றால், மணிகர்ணிகைத் தீர்த்தத்தில் முழுக வந்த பக்தர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கடற்பறவை பார்க்கப் படகு ஏற்பாடு செய்கிறவர். மார்கழி பிறந்தால் இந்த ரகத்தில் ஒருவராவது எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறார். ஆள் மாறும், தொப்பி மாறாது.

இங்கே பறவை பார்க்க எதற்குக் கடலுக்குப் போகவேண்டும்? கோடியக்கரையில் 1967-லேயே சரணாலயம் வந்தாயிற்று. 2002-ல் ராம்சர் பட்டியலிலும் ஏறியாயிற்று. சாலிம் அலியே வந்து பார்த்த இடம். சதுப்பு ஓரமாகப் போய் நின்றால் பூநாரைகள் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசை கட்டி நிற்கும். சைபீரியாவிலிருந்து வந்த உள்ளான்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். நம்மவர் இதையெல்லாம் இலை ஓரத்துக்குக் கறிவேப்பிலையைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடுவார்.

“நின்னு காட்டுறதெல்லாம் ஒரு பறவையா சார்? கரையே வேணாம்னு இருக்கு பாருங்க, அதான் பறவை!”

அவர் தேடுவது வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். குருவியைவிடச் சற்றே பெரிது. அண்டார்க்டிகா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இந்துமாக்கடல் வரை வரும். காலால் தண்ணீரைத் தட்டித் தட்டி, அலைமேல் நடப்பதுபோலவே பறக்கும். மார்கழியில் அது அண்டார்க்டிகாவில் அடைகாத்துக்கொண்டிருக்கும் என்பதையும் அவரே சொல்வார். பிறகு எதற்கு மார்கழியில் படகு என்று கேட்டேன். “ஒண்ணாவது லேட்டா கெளம்பாதா சார்?” என்றார். இப்படிப்பட்ட நம்பிக்கைக்கு முன் நான் என்ன பேச? ஏறிவிட்டேன்.

ஆறுகாட்டுத்துறையிலிருந்து பைபர் படகு. ஆறு பேர். பூங்குழலி படகு விட்ட கடல் இது என்று கல்கியைத் துணைக்கு அழைத்துத்தான் எங்களிடம் பணம் வசூலித்திருந்தார். பூங்குழலி வாந்தி எடுத்ததாகக் கல்கி எழுதவில்லை. நாங்கள் அரை மணியிலேயே ஆரம்பித்துவிட்டோம். அவர் அசரவில்லை. “எடுத்துக்கிட்டே வலப்பக்கம் பாருங்க சார்” என்றார். திடீரென்று “ரெண்டு மணி! ரெண்டு மணி!” என்று கத்தினார். படகின் மூக்கு பன்னிரண்டு என்றால் பறவை இரண்டு மணித் திக்கில் இருக்கிறது என்று அர்த்தமாம். பக்கத்திலிருந்த தலைஞாயிறு பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஏழேகால்தானே ஆவுது?” என்றார். அதற்குள் அது போய்விட்டது.

அடுத்து மூட்டையைப் பிரித்தார். இரண்டு நாள் பழைய கழிவு மீன். நாற்றம் பிடித்துப் பறவை தேடி வருமாம். அப்பர் பதிகம் பாடிக் கதவு திறந்த ஊரில், இவர் அழுகல் மீனை வீசியே கடலைத் திறக்கப் பார்த்தார். படகுக்காரர் அதுவரை பேசாமல் இருந்தவர், வாயைத் திறந்தார்.

“நாங்க பறவையப் பாத்து மீனு புடிப்போம். நீங்க மீனக் கொட்டிப் பறவை புடிக்கிறீங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, கொஞ்ச தூரத்தில் ஆலாக் கூட்டம். ஒன்று விழ, ஒன்று எழ, கொதிக்கிற உலைபோல இருந்தது தண்ணீர். படகுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“அது வெறும் ஆலாண்ணே, விடுங்க.”

“மேல பாக்காதீங்க சார், கீழ பாருங்க. நெத்திலி! வலை இல்லாம வந்துட்டேனே!” பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர் குரல் அது.

கிழக்கே இன்னும் போகச் சொன்னார் தொப்பிக்காரர். “இதுக்கு மேல போனா பறவ பாக்குதோ இல்லியோ, சிலோன் நேவி நம்மளப் பாக்கும்” என்று படகு திரும்பியது.

வழியில் தொப்பிக்காரர் ஒன்று சொன்னார். புயல் அடித்தால் நடுக்கடல் பறவைகள் தாமாகவே கரைக்கு ஒதுங்குமாம். “2018-ல கஜா அடிச்சப்ப நான் மெட்ராஸ்ல மாட்டிக்கிட்டேன் சார். பெரிய சான்ஸ் போச்சு.” கஜாவில் எங்கள் ஊர்த் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. படகுக்காரர் இன்ஜின் சத்தத்தைக் கூட்டினார். நானும் அலையைப் பார்த்துக்கொண்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணில் பைனாகுலர் இருந்தால் பக்கத்தில் இருப்பது தெரியாது, அவ்வளவுதான்.

கரை தட்டும்போது தலைக்கு மேல் பூநாரைகள் போயின. இறக்கையை விரித்ததும் உள்ளே மறைத்துவைத்த சிவப்பும் கறுப்பும் பளீரென்றன. வாந்தியை மறந்து எல்லோரும் செல்போனைத் தூக்கினோம். அவர் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். காற்று, நேரம் எல்லாம் குறித்து, கடைசியில், ‘பெட்ரல் – காணவில்லை’.

தை மாதத்துக்கும் ஆள் சேர்க்கிறாராம். போகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். படகுக்காரர் இந்தமுறை வலையும் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.