விண்மீன் மண்டலத்தில் முறை தவறிய வழக்கு: ஓர் ஓலைத்தொடுவாய் ஆய்வு

ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்களையும் அறிஞர்கள் அலசித் தள்ளியிருக்கிறார்கள். ஜோசப் காம்பல் சொன்ன வீரனின் பயணம் என்றார்கள். குரோசாவா 1958இல் எடுத்த படத்தின் சாயல் என்றார்கள். வியட்நாம் யுத்தத்தின் நிழல் என்றும் சொன்னார்கள். ஆனால் அடிப்படைக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில், வாடிக்குள் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா. மடிக்கணினியில் லூக் ஸ்கைவோக்கர் வந்து நின்றதுதான் தாமதம், ஊசியை நிறுத்தாமலே கேட்டா: “இந்தப் பெடியன் யாற்ற மோன்?”

முழு முப்படத்துக்கும் இதுவே திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒரு கிரகம் வெடித்தது, தகப்பன் மகனின் கையை வெட்டியது, மகன் தகப்பனின் கையை வெட்டியது, பேரரசு கவிழ்ந்தது எல்லாமே இந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்காததன் விளைவு. எங்கள் தீவில் புதிதாக வந்த ஒருவருக்குத் தேத்தண்ணி ஆறுவதற்குள் தகப்பன் யார், தாய் எவடம், எந்தச் சம்மாட்டியின் வலையில் தொழில் என்று மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும். அங்கே என்ன நடக்கிறது? 1977ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்திலேயே டார்த் வேடரும் லேயாவும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். தகப்பனும் மகளும். அவர் களவுபோன வரைபடத்தைக் கேட்கிறார். தாயின் பெயரைக் கேட்கவில்லை. பிறகு சிறைக்குள் ஊசி பூட்டிய இயந்திரத்தோடு போய் விசாரிக்கிறார். அப்போதும் கேட்கவில்லை. அவள் வளர்ந்த கிரகத்தை அவள் கண் முன்னாலேயே தகர்க்கும்போது வேடரின் கை அவளுடைய தோளில்தான் இருக்கிறது. அத்தனை கிட்ட நின்றும் ஒரு வார்த்தை கேட்க மனம் வரவில்லை.

வேடரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படைத்தவருக்கே அப்போது முறை தெரியாது. இரண்டாம் படத்துக்கு லீ பிரக்கெட் எழுதிக் கொடுத்த முதல் வரைவில் லூக்கின் தகப்பன் தனியாக ஆவியாக வருகிறார், வேடர் வேறு ஆள். பிரக்கெட் 1978இல் காலமானார். அதன் பிறகுதான் ஜோர்ஜ் லூக்காஸ் இரண்டு பேரையும் ஒருவராக்கினார். அதே 1978இல் அலன் டீன் பொஸ்டர் எழுதி வெளிவந்த தொடர் நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே காதல் வாடை வீசுகிறது. பதிவுப் புத்தகமே இல்லாமல் குடும்பம் நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

தெரிந்த பிறகும் மூடி மறைத்தார்கள். வேடர் தானே தகப்பன் என்று லூக்கிடம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை எடுக்கும்போது வேடரின் கவசத்துக்குள் நின்ற டேவிட் பிரவுஸுக்குப் பொய் வசனத்தைக் கொடுத்தார்கள். ஒபி-வன்தான் உன் தகப்பனைக் கொன்றான் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். உண்மையான வசனம் பிறகு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் ஏறியது. மூன்றாம் படத்தில் முகமூடி கழன்றால் உள்ளே செபஸ்தியன் ஷோ என்ற மூன்றாம் ஆள். பேசாலையில் உடக்குப் பாஸ் என்னும் பொம்மை நாடகம் பார்த்து வளர்ந்த சனத்துக்கு உடல் ஒன்று, குரல் இன்னொன்று என்பது பெரிய அதிசயம் இல்லை. ஒரு தகப்பனுக்கு மூன்று பேர் தேவைப்பட்டும் பிள்ளை யாருடையது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதுதான் அதிசயம்.

இனி ஆய்வின் நடுநாயகமான பகுதி. மன்னார்க் கத்தோலிக்கர் வீட்டில் கலியாணம் என்றால் முதலில் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகன் இன்னாரின் மகளை மணக்கப் போகிறார், தடை தெரிந்தவர்கள் அறியத் தரவேண்டும். முப்படத்தையும் இந்த ஒழுங்கில் வைத்துப் பாருங்கள், எல்லாம் துலங்கும். முதலாம் ஓலை 1977: கயிற்றில் தொங்கிப் பாய்வதற்கு முன் லேயா லூக்கின் கன்னத்தில் முத்தமிடுகிறாள். சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஓலை 1980: ஹொத் கிரகத்தில் படுக்கையில் கிடப்பவனின் வாயிலேயே முத்தம், அதுவும் ஹான் சோலோவுக்கு எரிச்சல் மூட்டவென்று. லூக் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பெண் பார்த்து முடிந்த மாப்பிள்ளைபோலச் சாய்கிறான். வாடிக்குள் இருந்த பெரியம்மா இந்த இடத்தில்தான் ஊசியைக் கீழே வைத்தா. மூன்றாம் ஓலை 1983: தடை வெளிப்பட்டது. இருவரும் இரட்டைப் பிள்ளைகள்.

ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் இடையில், 1981இல், யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து மன்னார் மறைமாவட்டம் உருவானது. புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பை இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அறிவித்தது 1983 ஜனவரி 25. மூன்றாம் படம் வெளிவந்தது அதே ஆண்டு மே 25. இடையில் சரியாக நான்கு மாதம். அத்தொகுப்பின் 1091ஆம் சட்டப்படி பக்கவழி இரத்த உறவில் நான்காம் படி வரை மணம் செல்லாது. மச்சானும் மச்சாளும் அந்த நான்காம் படியில் நிற்பவர்கள். ஆயரிடம் விண்ணப்பித்தால் விலக்குக் கிடைக்க வழி உண்டு. கூடப்பிறந்தவர்கள் இரண்டாம் படி. விண்ணப்பப் படிவமே கிடையாது.

அதைவிட முக்கியமானது 1069ஆம் சட்டம். தடை தெரிந்த விசுவாசிகள் எல்லாரும் மணத்துக்கு முன்பே அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள். லூக்கின் குருவான ஒபி-வனுக்குத் தெரியும். அடுத்த குருவான யோடாவுக்கும் தெரியும். இரண்டு ஓலை வாசிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருவர் செத்து ஆவியான பிறகு, ஒரு கோணத்தில் பார்த்தால், தகப்பனை வேடர் கொன்றதாகத் தான் சொன்னதும் உண்மைதான் என்று வியாக்கியானம் செய்கிறார். மற்றவர் சாகும் தறுவாயில் அரைகுறையாக முனகுகிறார். கலியாணத் தரகர்கூட இதைவிட நேர்மையாக நடப்பார்.

ஹான் சோலோ விடயம் சுவையானது. மூன்றாம் படத்தின் முடிவில், லூக்கை நீ விரும்பினால் நான் விலகிக்கொள்கிறேன் என்கிறார். அவன் என் சகோதரன் என்கிறாள் லேயா. அந்த நொடியில் ஹரிசன் போர்ட்டின் முகத்தை நிறுத்திப் பாருங்கள். நெற்றி சுருங்குகிறது, கண் எங்கோ போகிறது, பிறகு மெல்ல ஒரு சிரிப்பு. போட்டிக்காரன் மச்சானாக மாறும் கணக்கை ஒரு மனிதர் மனதில் கூட்டிப் பார்ப்பது அப்படியே தெரியும். என் மதிப்பில் முப்படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அதுதான். ஆனால் கணக்கை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மச்சானின் தகப்பன் மாமா அல்லவா? அந்த மாமாவும் மருமகனும் ஒரே சாப்பாட்டு மேசைக்கு வந்தது 1980இல், ஒரே ஒருமுறை. கதவு திறக்கிறது, தலைமாட்டில் வேடர் இருக்கிறார், மருமகன் வணக்கம் சொல்லாமல் துவக்கை எடுத்துச் சுடுகிறார். மாமா குண்டைக் கையால் தடுக்கிறார். பிறகு மருமகனைக் கார்பனைட்டில் உறையவைத்து, அவருடைய கடன்காரனுக்கே அனுப்பிவைக்கிறார். பெண் கேட்கப் போகாத மாப்பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். போர்ட் 1983இல் இன்னொரு படத்துக்காகக் கண்டிவரை வந்தவர். இன்னும் கொஞ்சம் வடக்கே வந்திருந்தால் முறை சொல்லிக் கொடுத்திருப்போம்.

பின்னால் வந்த படங்கள் எம் ஆய்வெல்லைக்கு வெளியே என்றாலும் சில குறிப்புகள் அவசியம். சி-3பிஓ இயந்திரத்தை உருவாக்கியவர் சிறுவனாக இருந்த அனக்கின் என்று 1999இல் தெரியவந்தது. அப்படியானால் அந்த வீட்டில் மூத்த பிள்ளை அவர்தான். தகப்பனின் உடலை லூக் தனியே நின்று எரிக்கும்போது மூத்தவர் காட்டுக்குள் கரடிக்குட்டிகளோடு கொண்டாட்டத்தில் நிற்கிறார். அடுத்தது, 1983இல் லேயா தன் தாயைக் கொஞ்சம் நினைவிருக்கிறது என்கிறாள். 2005இல் பார்த்தால் தாய் பிள்ளைப்பேற்றோடு கண்ணை மூடிவிட்டாள். மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமனான லூக், தூங்கும் மருமகனுக்கு, அதாவது லேயாவின் மகனுக்கு, மேலே வாளை ஓங்கிய 2017ஆம் ஆண்டுச் சங்கதியை வாடிக்குள் நான் இன்னும் போட்டுக் காட்டவில்லை.

ஆகவே தீர்ப்பு: முதற் குற்றவாளி ஒபி-வன், இரண்டாம் குற்றவாளி யோடா. வேடருக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்கலாம். இத்தீர்ப்புக்குத் தடை ஏதும் தெரிந்த வாசகர்கள் மூன்று ஞாயிற்றுக்குள் அறியத் தரவேண்டும். செத்து ஆவியான பிறகு வந்து சொன்னால் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.