சினிமாப் பாட்டு வாசிக்கப்படாது

திசையன்விளையில் எங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால், மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கும்போதே பெரியப்பா நிபந்தனை போட்டுவிடுவார்: "சினிமாப் பாட்டு வாசிக்கப்படாது வே." நாகஸ்வரக்காரர் பவ்யமாகத் தலையாட்டுவார். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அப்படியென்றால் எது வாசிப்பு என்று பெரியப்பாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "காருகுறிச்சி வாசிச்ச சிங்கார வேலனே! அதுல்லாலே சங்கீதம்!"

அது சினிமாப் பாட்டு. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, பாடியவர் எஸ்.ஜானகி. திரையில் கன்னத்தை உப்பவைத்தது ஜெமினி கணேசன். மூச்சைக் கொடுத்தது தாமிரபரணிக் கரைக்காரரான காருகுறிச்சி அருணாசலம், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோயில் வீதிகளில் விடிய விடிய ராகம் வாசித்த மனிதர், சில நிமிடங்களுக்குள் ஆபேரியை அடக்கி, ஜானகியின் குரலோடு மல்லுக்கு நிற்கிறார். யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் டீக்கடையில் இன்னும் தீர்ப்பாகவில்லை. இரண்டே வருஷத்தில், 1964-இல், அவர் போய்விட்டார். அந்த விடிய விடிய வாசிப்பைக் கேட்டவர்களும் அநேகமாகப் போய்விட்டார்கள். கொடை விழாக் குழாயில் இன்றும் அலறுவது அந்தப் படப் பாட்டுதான்.

பெரியப்பா அசரவில்லை. "அது பழசுல்லா."

பழசு என்றால் நானும் விடுவதாக இல்லை. எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், கும்பினிக்காரன் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதியவர். நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டையே தூக்கி அம்பாளுக்குச் சாத்திவிட்டார். ராஜாவுக்கு ராயல்டி போனதாகத் தெரியவில்லை.

பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "தீட்சிதர் செஞ்சா காரணம் இருக்கும்லே."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்தபடி மெல்ல ஆரம்பித்தார். "அண்ணாச்சி, இளையராஜா பாட்டு ஒண்ணு... 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. பாலமுரளிகிருஷ்ணா பாடினது. ரீதிகௌளை."

"எந்த வருஷம்?"

"1977."

பெரியப்பா விரல்விட்டு எண்ணினார். "நாப்பது தாண்டிட்டுல்லா? வாசியும் வே. ரகுமான் மட்டும் இன்னுங் கொஞ்சம் பழுக்கட்டும்."