ஆலோசனை வழங்கப்பட்டது

உளவியல் துறையில் மென்டார் நோட்டு என்று ஒன்று உண்டு. ஒரு சாருக்கு முப்பது பிள்ளைகள், ஆளுக்கொரு பக்கம். அப்பா தொழில், ரத்த வகை, அரியர் எத்தனை. கடைசிக் கட்டத்தில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’. கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும் வாரத்தில்தான் அந்த நோட்டுக்கு உயிர் வரும். மூன்று செமஸ்டருக்கான ஆலோசனையும் ஒரே மத்தியானத்தில், ஒரே நீல மையில் வழங்கப்பட்டுவிடும். “தேதியை மட்டும் மாத்தி மாத்திப் போடும்மா” என்பார் சார். வாய்திறந்து அவர் சொன்ன ஒரே ஆலோசனை அதுதான்.

வகுப்பில் அதே சார்தான் கார்ல் ரோஜர்ஸ் நடத்துவார். நிபந்தனையற்ற ஏற்பு, பரிவு, பாசாங்கின்மை என்று 1957-இல் ரோஜர்ஸ் எழுதியது நமக்குப் பத்து மார்க் கேள்வி. அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் சார் முதலில் கேட்பது, “அட்டெண்டன்ஸ் 75 இருக்கா?”

அவரையும் சொல்லிக் குற்றமில்லை. கௌரவ விரிவுரையாளர், அட்மிஷன் வேலையிலிருந்து விடைத்தாள் கட்டுவரை அவர் தலையில்தான். அவருக்கு மென்டார் யார் என்று எந்தக் குழுவும் கேட்டதில்லை.

பிள்ளைகளே, மனசு சரியில்லையென்றால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள். அட்டெண்டன்ஸ் கேட்க மாட்டார்கள்.